பெருநாள் உடுப்பு: வெயிலையும் காற்றையும் கேட்டு எடுங்கள்

பெருநாள் உடுப்பைக் கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தெரிவு செய்கிறோம். அதைப் போட்டுக்கொண்டு செய்யப்போவதெல்லாம் வேறு. விடியற்காலையில் திடலில் பாய் விரித்துக் குனிந்து நிமிர வேண்டும். சஹன் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றிச் சப்பாணி கட்டி உட்கார வேண்டும். பிறகு மன்னார் உப்புக்குளத்திலிருந்து மூர்வீதி, எருக்கலம்பிட்டி, தாராபுரம் என்று சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வர வேண்டும். போகிற வீடெல்லாம் வட்டிலப்பம் வேறு. காலை பத்து மணிக்கே புது உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுச் சட்டைக்கு மாறுகிறோம் என்றால், அந்த உடுப்பை எடுத்த விதத்தில்தான் பிழை.

சுகம் துணியிலும் தையலிலும் இருக்கிறது. அழகுக்கு உடுப்பில் ஓர் இடம் போதும். கீழே உள்ள குறிப்புகளுக்கெல்லாம் அடிப்படை இதுதான். நத்தாருக்கும் பொங்கலுக்கும் உடுப்பெடுக்கும் அயலவருக்கும் இவற்றில் பெரும்பாலானவை உதவும்.

1. முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். பிறை ஆண்டு, சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால் பெருநாள் ஒவ்வொரு வருடமும் முன்னுக்கு நகர்கிறது. 2016இல் நோன்புப் பெருநாள் ஜூலையில் வந்தது. சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற காலம் அது. இப்போது வரும் சில ஆண்டுகளுக்கு அது பெப்ரவரி, மார்ச்சில் வரும்: காலையில் இதமான குளிர், பத்து மணிக்குப் பிறகு காய்ந்த வெயில். ஹஜ்ஜுப் பெருநாளோ மே மாதத்துப் புழுக்கத்தில் வருகிறது. ஆகவே இரண்டு பெருநாளுக்கும் ஒரே துணியில் தைப்பது சிக்கனம் போலத் தெரியும், ஆனால் ஹஜ்ஜுக்கு அது பெட்டிக்குள்தான் கிடக்கும். கொஞ்சம் தடித்த துணி, உள்துணி வைத்த சட்டை எல்லாம் நோன்புப் பெருநாளுக்கு. மெல்லிய வொயில், மல், லினன் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு.

2. துணியை விரலால் தடவிப் பார்ப்பது போதாது. இப்போது வரும் பொலியெஸ்டர் பருத்தியைவிட மென்மையாகவே இருக்கிறது. வியர்வை வரும்போதுதான் குட்டு வெளிப்படும். சாதாரண நிலையில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். விஸ்கோஸ் 11 சதவீதத்துக்கும் மேல். பொலியெஸ்டரில் அரைச் சதவீதமும் இல்லை. அதனால்தான் அது முதுகில் ஒட்டிக்கொள்கிறது. கடையில் ஒரு துளித் தண்ணீரைத் துணியில் விட்டுப் பாருங்கள். உடனே பரவி இறங்கினால் பருத்தி அல்லது விஸ்கோஸ். முத்துப்போல நின்றால் யோசியுங்கள். (கஞ்சியேற்றிய புதுப் பருத்தியும் முதலில் கொஞ்சம் தயங்கும்.) இன்னும் சந்தேகமென்றால் ஓரத்தில் ஒரு நூலை இழுத்து, வீட்டுக்கு வந்து நெருப்பில் காட்டுங்கள். கடதாசி எரிகிற வாசமும் பொடியாக உதிரும் சாம்பலும் என்றால் பருத்தி அல்லது விஸ்கோஸ். சுருண்டு உருகிக் கறுத்த மணியாக இறுகினால் பொலியெஸ்டர்; கடைக்காரர் “சுத்தக் கொட்டன்” என்று எத்தனை முறை சொல்லியிருந்தாலும் சரி.

3. தைக்கக் கொடுக்குமுன் துணியை ஒருமுறை நனைத்துக் காயவிடுங்கள். பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும். இரண்டு மீட்டர் துணியில் அது 6 முதல் 10 சென்ரிமீட்டர். கணுக்கால் வரை தைத்த சட்டை அடுத்த பெருநாளில் மேலேறி நிற்பதற்குக் காரணம் பிள்ளை வளர்ந்தது மட்டுமல்ல. நனைத்துக் காயவிட்டால் துணியில் ஏற்றியிருக்கும் கஞ்சியும் மருந்தும் போய்விடும். கழுத்திலும் கக்கத்திலும் வரும் அரிப்பு குறையும்.

4. கறுப்பு அபாயா சூடு என்பது பாதி உண்மைதான். சினாய்ப் பாலைவனத்து பதூவியர் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1980இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கறுப்பு அங்கி கூடுதல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆனால் அங்கி தளர்வாக இருந்தால் உள்ளே காற்று ஓடி, அந்த மேலதிக வெப்பம் உடம்பை எட்டுமுன்னரே போய்விடுகிறது. வெள்ளை போட்டவருக்கும் கறுப்பு போட்டவருக்கும் தோலில் சூடு ஒன்றுதான். ஆக, நிறத்தைவிட முக்கியம் தளர்வு. மன்னாரில் காற்றுக்குப் பஞ்சமில்லை. அதை உள்ளே விடுவதுதான் காரியம்.

அதற்கும் வசதிக்கும் சில விஷயங்கள் பார்க்க வேண்டும். அக்குள் வெட்டு அகலமாக இருக்கட்டும். கையைத் தூக்கித் தக்பீர் கட்டும்போது இழுக்கக் கூடாது. உள்ளே நைலோன் இறுக்கக் காற்சட்டையும் சிந்தெட்டிக் உள்பாவாடையும் போட்டால் மேலே எத்தனை நல்ல அபாயா இருந்தும் பயனில்லை. மெல்லிய பருத்தி உள்ளாடை போதும். நீளத்தை அன்று போடப்போகும் செருப்போடு நின்று அளந்து, நிலத்திலிருந்து ஓர் அங்குலம் மேலே நிறுத்துங்கள். நிலத்தில் இழுபடும் அபாயா திடலுக்குப் போய்வருவதற்குள் ஒரு பிடி மணலைச் சுமந்துவிடும். பக்கத்தையலில் ஒரு பொக்கற் வைக்கச் சொல்லுங்கள். தையற்காரிக்குச் சின்ன வேலைதான். கையில் தொலைபேசியும் சாவியும் பெருநாள் சல்லியுமாக அலைகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி.

5. ஆண்களுக்கு: புதுச் சாரம் வாங்கிய அன்றே கட்டினால் மொடமொடவென்று நிற்கும், இடுப்பிலும் நிற்காது. மூட்டித் தைத்து, இரண்டு முறை கழுவிய பிறகு கட்டுங்கள். பெருநாளில் மட்டும் சாரம் கட்டும் இளைஞர்கள் உள்ளே அரைக்காற்சட்டையும் மேலே அகலமான இடுப்புப் பட்டியும் போட்டுக்கொள்வது நல்லது. ஸுஜூதில் அவிழுமோ என்ற பயத்தோடு தொழ வேண்டியதில்லை. ஆண்களுக்குப் பட்டு ஆகாது என்பதால் “பட்டு மாதிரி” மினுங்கும் சேட் வாங்குகிறார்கள். அது பட்டு அல்ல, பொலியெஸ்டர்; ஹலாலாக இருக்கலாம், மே மாதத்தில் தண்டனைதான். வெள்ளைப் பருத்தி ஜுப்பாவில் கழுத்துப் பட்டியில் மட்டும் சன்னமான நூல்வேலை இருந்தால் அதன் எடுப்பே வேறு. சேட்டுக்குள் கையில்லாப் பெனியன் போடுங்கள். வியர்வையை அது வாங்கிக்கொள்ளும், சேட் முதுகில் படம் வரையாது.

6. அழகு ஓர் இடத்தில். கழுத்து, கைநுனி, முக்காடு, கைப்பை — இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். சாதாரணப் பருத்தி உடுப்பில் ஓர் அகலக் கரை வைத்தாலே அது பெருநாள் உடுப்பாகிவிடும். கல்லும் மணியும் உடம்பு முழுக்க ஒட்டிய உடுப்பு நிறை கூடியது, கழுவ முடியாதது, குந்தினால் குத்துவது. பிள்ளையைத் தூக்கினால் பிள்ளையின் கன்னம் கீறும். சாயம் போட்ட பனையோலைப் பின்னல் பை ஒன்று போதும், வெள்ளைச் சட்டைக்கு உயிர் வந்துவிடும். மன்னார் பனையின் ஊர். இந்தப் பையை இங்கே கடைசி நேரத்தில்தான் நினைக்கிறோம் என்பது எனக்கு விளங்காத விஷயம்.

7. காற்று. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. முக்காட்டுக்குச் சட்டின் வேண்டாம், வழுக்கும். சுருக்கம் விழுந்த ஜோர்ஜட், பருத்தி, விஸ்கோஸ் ஆகியவை தலையில் நிற்கும். உள்ளே பருத்தித் தொப்பி போட்டால் ஊசிகளின் எண்ணிக்கை பாதியாகும். துணியைத் துளைக்காத காந்த ஊசியும் வந்திருக்கிறது; மெல்லிய சாலுக்கு அதுதான் நல்லது.

மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது அழகு அல்ல, உயிர். சால் நுனி, அபாயாவின் கீழ்ப்பக்கம், சாரி முந்தானை மூன்றும் சில்லுக்குள் போகக்கூடியவை. ஏறுமுன் சாலை முன்னால் கொண்டுவந்து சொருகுங்கள். அபாயாவை முழங்காலுக்குக் கீழே ஒதுக்கி அதன்மேல் உட்காருங்கள். பின் சில்லுக்குச் சாரித் தடுப்பு பூட்டியிருக்கிறதா என்று பெருநாளுக்கு முதல் வாரமே பாருங்கள். தள்ளாடிப் பக்கமாகத் தாம்போதியால் போகும்போது இரண்டு பக்கமும் திறந்த கடல். காற்று கேட்டுக்கொண்டு வராது.

8. பிள்ளைகளின் உடுப்பில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். ஐந்து வயதுப் பெண்பிள்ளைக்கு மூன்று அடுக்கு வலைத்துணி கவுன். ஒரு மணி நேரத்தில் அழுகை. வலை அழகாக இருந்தால் எடுங்கள், ஆனால் உள்ளே இடுப்பு வரைக்கும் அல்ல, கீழ்வரைக்கும் பருத்தி உள்துணி வைத்துத் தையுங்கள். இடுப்புத் தையல் உடம்பில் படும் இடத்தில் ஒரு மென்மையான நாடாவை மடித்துத் தைத்தால் சிவந்து தடிக்காது. கீழ் மடிப்பில் மூன்று அங்குலத் துணி விட்டு வையுங்கள். அடுத்த வருடத்துக்கு அவிழ்த்து இறக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: பொக்கற். ஆண்பிள்ளைகளின் காற்சட்டையில் அது இருக்கும். பெண்பிள்ளைகளின் கவுனில் இருக்காது. பெருநாள் சல்லியைக் கையில் பொத்திக்கொண்டே அந்தப் பிள்ளை எப்படி விளையாடும்? பொத்தான் போட்ட ஒரு சின்னப் பை, சல்லி விழாத ஆழத்தில். உடுப்பைப் பற்றி அந்தப் பிள்ளை ஊரெல்லாம் சொல்லித் திரியப்போவது அதைத்தான்.

9. மூத்தும்மாவுக்கு எடுக்கும்போது தலைவழியே போடும் உடுப்பைத் தவிர்த்து முன்பக்கம் திறக்கும் உடுப்பை எடுங்கள். கை தூக்க முடியாதவருக்கு அது பெரும் ஆறுதல். சாரிதான் வேண்டும் என்பவருக்குக் கொய்யகத்தை முன்கூட்டியே மடித்துத் தைத்துக் கொடுக்கலாம். கட்டுவது இரண்டு நிமிட வேலை. பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பக்கத்தையலில் மறைவான சிப் வைத்த சட்டை. பெருநாள் வீட்டில் தனி அறை கிடைப்பது அத்தனை சுலபமல்ல.

10. செருப்பை மாலையில் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். அப்போது சரியாக இருப்பதுதான் பெருநாளன்றும் சரியாக இருக்கும். வீட்டுக்கு வீடு கழற்றிப் போட வேண்டிய நாளில் வார்ப்பூட்டுச் செருப்பு தொல்லை. சீனிவருத்தக்காரர் மட்டும் பின்வார் உள்ளதையே போட வேண்டும். காலில் இருந்து கழன்று விழும் செருப்பால் வரும் சின்னக் காயம் அவர்களுக்குச் சின்னதல்ல. பள்ளிவாசல் வாசலில் எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கும் என்பதால் உள்வாரில் ஒரு நிற நூலைச் சுற்றிவிடுங்கள்.

11. வெள்ளை உடுப்பு மஞ்சளாவதற்குச் சவர்க்காரத்தைக் குறை சொல்லாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். தீவில் பல கிணறுகளில் தண்ணீர் சவர். கடினத் தண்ணீரில் உள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து படலமாகித் துணியிலேயே தங்கிவிடும். கிணற்றில் கழுவினாலும் கடைசி அலசலைக் குழாய்த் தண்ணீரிலோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரிலோ வையுங்கள். ஒரு வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு அலசினால் படலம் விடும். வினாகிரியையும் குளோரின் வெளுப்பானையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும். நீலம் போடுபவர்கள் அதைத் தனிப் பாத்திரத்தில் கரைத்து, துணியால் வடித்து ஊற்றுங்கள், புள்ளி விழாது. கஞ்சி பாதியளவு போதும். விறைக்க விறைக்கக் கஞ்சி போட்ட பருத்தியில் காற்று நுழையாது, பிறகு பருத்தி எடுத்து என்ன பயன்?

12. சரிகைக்கு எதிரி கடற்காற்று. உப்பும் ஈரமும் பட்டால் கறுத்துவிடும். உடுத்திய சாரியை அன்றே மடிக்காமல் நிழலில் ஆறவிட்டு, பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பொலித்தீன் பை வேண்டாம், ஈரம் உள்ளேயே அடைபடும். பூச்சி உருண்டை சரிகையில் படக்கூடாது. அத்தரை மணிக்கட்டிலும் காதுக்குப் பின்னாலும் தடவுங்கள். எண்ணெய் அத்தர் வெள்ளைச் சேட்டில் விழுந்தால் வட்டம் வட்டமாக நிற்கும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது அலுமாரிகளை யாரும் கொண்டுபோகவில்லை. வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களின் கைகளில் இருந்தவை சில பைகள். ஆகவே உம்மாவின் கலியாணச் சாரி இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிற பொருளல்ல. இருந்தால் அதை வெட்டிக் கவுன் தைக்கச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள். மடிப்புகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மடித்து வையுங்கள், பெருநாளுக்கு ஒருவர் அப்படியே உடுத்துங்கள்.

13. மருதோன்றி இலையை அரைத்துப் போடுங்கள். உடனே கறுக்கும் “கறுப்பு மருதோன்றி”க் கூம்புகளில் தலைச்சாயத்தில் சேர்க்கும் பரா-பினைலின்டையமைன் கலந்திருக்கக்கூடும். அது சிலருக்குக் கொப்புளம் போடும். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பிற்காலத்தில் தலைச்சாயமே ஆகாமல் போகலாம். அசல் இலை ஆரஞ்சாகத் தொடங்கி ஓரிரு நாளில்தான் சிவக்கும். எனவே பெருநாள் இரவுக்கு விட்டுவைக்காமல் இரண்டு நாள் முன்னதாகப் போடுவதே புத்தி. அன்றிரவு பழைய சட்டையும் பழைய தலையணை உறையும்.

14. அடுப்படிக்குப் போகிறவர் புது உடுப்போடு போக வேண்டாம், அதுவும் பொலியெஸ்டரோடு போகவே வேண்டாம். தீப்பட்டால் அது உருகித் தோலில் ஒட்டும். புரியாணிச் சட்டியை இறக்கும் நானாவுக்கும், முற்றத்தில் பொங்கல் பானை வைக்கும் அக்காவுக்கும் இது ஒன்றுதான். பருத்தி உடுத்து, முந்தானையைச் சொருகிக்கொள்ளுங்கள். மஞ்சள் கறைமேல் சவர்க்காரம் பட்டதும் அது சிவந்துவிடும். பதற வேண்டாம், மஞ்சளின் குணம் அது. நன்றாக அலசி வெயிலில் போட்டால் மஞ்சள் தானே மங்கும். நெய் சிந்தினால் உடனே தண்ணீர் விடாமல் மேலே பவுடரைத் தூவி, அது நெய்யை உறிஞ்சிய பிறகு தட்டிவிட்டுக் கழுவுங்கள்.

15. நத்தார் மழைக்காலத்தில் வருகிறது. புனித செபஸ்தியார் பேராலயத்துக்கு நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகிறவர்கள் வெல்வெட்டையும் நிலம் தொடும் கவுனையும் கொஞ்சம் யோசித்து எடுங்கள். சேற்றில் நனைந்த ஓரம் பூசை முடியும்வரை காயாது. கணுக்காலுக்கு மேலே நிற்கும் நீளம், கழுவக்கூடிய செருப்பு, வாடைக்கு ஒரு பருத்திச் சால் என்று போனால் திரும்பிவரும்வரை கவலையில்லை. பண்டிகைக்கால நடைபாதைக் கடைகளில் விலை நயம்தான், ஆனால் போட்டுப் பார்க்க இடமில்லை, மாற்றித் தரவும் மாட்டார்கள். வீட்டில் நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையின் தோள், மார்பு, நீளம் மூன்றையும் தொலைபேசியில் குறித்துக்கொண்டு, அளவு நாடாவோடு போங்கள். ஈரமான வெள்ளைக் கைலேஞ்சியால் துணியை அழுத்தித் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள்.

16. பிறை 29இலும் தெரியலாம், 30 நோன்பும் பூர்த்தியாகலாம். கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிப்பு வந்த பிறகு உடுப்பு மினுக்கத் தொடங்கினால், வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே இஸ்திரிக்கைதான் இருக்கும். அன்றைக்கென்று கரண்டும் போகும். 28ஆம் நோன்பு இரவே எல்லா உடுப்பையும் மினுக்கி, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கொழுவியில் ஊசி, உள்ளாடை, தொப்பியோடு மாட்டி வையுங்கள்.

தையற்காரருக்குத் துணியை முதல் பத்து நோன்புக்குள் கொடுத்துவிடுங்கள். நடுப்பத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்து, இறுக்கம் தளர்த்த நேரம் கிடைக்கும். இருபத்தைந்தாம் நோன்பில் துணியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால், அவரும் நோன்பாளிதான், அவர் வீட்டிலும் தைக்காத உடுப்பு கிடக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து கோபிக்காதீர்கள்.